கால்டுவெல், ஆஷ், தாமஸ்: ஆங்கிலப் பெயர்களையும் ஒலியொத்த சொற்களையும் சரியாக உச்சரிப்பது எப்படி?

கேள்வி: சேரன்மகாதேவி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆங்கிலப் பாடம் எடுத்து வருகிறேன். நம் மாவட்டத்தின் வரலாற்றைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும் போட்டி ஒன்றுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கட்டுரையை அவர்களே எழுதிவிட்டார்கள். வாய்விட்டு வாசிக்கத் தொடங்கியதும்தான் இரண்டு வகையான சிக்கல்கள் எழுந்தன.

முதலாவது, பெயர்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதனால் சுடப்பட்ட கலெக்டரின் பெயர் ஆங்கிலத்தில் ஏ, எஸ், எச், இ என்று நான்கு எழுத்துகளில் இருக்கிறது. தமிழ்ப் புத்தகத்தில் 'ஆஷ்' என்று தடையின்றிப் படிக்கும் பிள்ளைகளே ஆங்கில எழுத்தில் அதைக் கண்டதும் 'ஆஷே' என்றும் 'ஆஷி' என்றும் வாசிக்கிறார்கள். இடையன்குடி பிஷப்பின் பெயரை ஒருத்தி 'கால்டுவெல்' என்கிறாள், இன்னொருத்தி இணையத்தில் கேட்டதாகச் சொல்லி 'கோல்ட்வெல்' என்கிறாள், மூன்றாமவள் 'கேல்ட்வெல்' என்கிறாள். பாளையங்கோட்டை சேவியர் கல்லூரியின் பெயரை 'எக்ஸேவியர்' என்று வாசித்த பையனைத் திருத்தினால், 'எக்ஸ் என்ற எழுத்து இருக்கிறதே டீச்சர்' என்று கேட்கிறான். 1755-இல் படையோடு வந்த ஹெரனின் பெயருக்கு முன்னால் வரும் பதவிச் சொல்லைப் பலரும் 'கலோனல்' என்கிறார்கள். சாராள் தக்கர் கல்லூரி, மெஞ்ஞானபுரத்தில் ஊழியம் செய்த ஜான் தாமஸ், சாயர்புரம் என்று பட்டியல் நீள்கிறது.

இரண்டாவது, ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்கும் பொதுச் சொற்கள். மண்டபம் என்ற பொருளில் 'ஹால்' என்று சொல்லவேண்டிய இடத்தில், ஆங்கிலமாகச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, ஓட்டை என்று பொருள்படும்படி 'ஹோல்' என்கிறார்கள். கணுக்கால், கோணம், மாமா ஆகிய மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் மூன்றுமே அவர்கள் வாயில் 'அங்கிள்' என்று வருகின்றன. ஒவ்வொரு சொல்லாகத் திருத்துவதில் காலம் போகிறதே தவிர, அடுத்த பத்தியில் அதே பிழை வேறு சொல்லில் தலைகாட்டுகிறது. இவற்றுக்கு அடியில் ஏதேனும் பொதுக் காரணம் இருக்கிறதா? பிள்ளைகளுக்குப் புரியும்படி அதை எப்படிச் சொல்வது?

பதில்: பொருநைக்கரை

அம்மா அவர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன பிழைகளுக்கு அடியில் பொதுக் காரணம் நிச்சயமாக இருக்கிறது. பிள்ளைகள் கவனக்குறைவானவர்கள் என்பது அந்தக் காரணம் அன்று. தமிழ் எழுத்தின் ஒரே 'ஆ' ஆங்கிலத்தின் வெவ்வேறு உயிரொலிகளைச் சுமக்கிறது. தமிழ் எழுத்தில் பழகிய கண்ணுக்கு அவை ஒன்றாகத் தெரிவதால், நாவும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறது.

உங்கள் பட்டியலிலிருந்தே காட்டுகிறேன். 'கார்' என்னும் சொல்லில் வருவது நம்முடைய 'ஆ'வுக்கு மிக நெருங்கிய ஒலி. அங்கே எந்தத் தொல்லையும் இல்லை. 'ஆஷ்' என்பதில் வருவது வேறு ஒலி: 'ஏ' சொல்வதற்கு வாயை வைத்துக்கொண்டு, தாடையை மட்டும் 'ஆ'வுக்கு இறக்கி, குறுகலாகச் சொன்னால் வருவது. வங்கியைச் சிலர் 'பாங்க்' என்றும் சிலர் 'பேங்க்' என்றும் எழுதுவதற்கு இதுதான் காரணம். இரண்டுமே அந்த ஒலியின் பக்கத்தில் நிற்கின்றன, இரண்டுமே அதைத் தொடவில்லை. 'கால்டுவெல்' என்பதில் இருப்பது மூன்றாவது ஒலி: வாய் 'ஆ'வுக்குத் திறந்திருக்க, உதடுகள் 'ஓ'வுக்குக் குவிந்தால் பிறப்பது. தொலைபேசியில் 'கால் பண்ணு' என்கிறோமே, அந்தக் 'கால்' அது. நாம் நடக்கும் கால் அன்று. ஹால், லா காலேஜ், ஜார்ஜ், சாயர் ஆகிய எல்லாவற்றிலும் இந்த மூன்றாவது ஒலிதான் இருக்கிறது. இதன் குறுகிய வடிவம் டாக்டர், காபி, ஜான் ஆகியவற்றில் வருகிறது. பிரிட்டிஷ் உச்சரிப்பை அடிப்படையாகக் கொண்டு சொல்கிறேன். அமெரிக்கர் இவற்றில் சிலவற்றை வேறுவிதமாகச் சொல்வார்கள்.

எனவே முதன்முதலில் 'கால்டுவெல்' என்று தமிழில் எழுதியவர்கள் தவறாகக் கேட்டுவிட்டார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். குவிந்த 'ஆ'வைக் காட்டத் தமிழில் தனி எழுத்து இல்லாததால் கிடைத்த எழுத்தைப் பயன்படுத்தினார்கள். இணையத்தில் 'கோல்ட்வெல்' என்று உங்கள் மாணவிக்குக் கேட்டதும் இதே ஒலிதான். அவள் காது அதை 'ஓ' பக்கம் தள்ளிக் கேட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் பேசும்போது 'கால்' அழைப்பின் ஒலியைச் சொல்லி, நடுவில் வரும் டகரத்துக்கு உகரம் சேர்க்காமல், 'வெல்' என்று முடித்தால் போதும். பெயரின் பொருளையும் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் குளிர்ந்த ஊற்று என்று பொருள். 1841-இல் இடையன்குடியின் செம்மண் தேரிக்கு வந்து சேர்ந்தவருக்கு அப்படி ஒரு பெயர்!

'ஹால்', 'ஹோல்' சிக்கலும் இங்கேதான் தீர்கிறது. தமிழ் 'ஓ' தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நிலையில் நிற்கும். ஆங்கிலத்தில் ஓட்டையைக் குறிக்கும் சொல்லின் ஒலி 'ஓ'வில் தொடங்கி 'உ'வை நோக்கி நழுவும். ஆகவே பிள்ளைகள் 'ஹால்' என்பதை உதடு குவித்துச் சொல்லி, நழுவாமல் நிறுத்தினால் மண்டபம், நழுவவிட்டால் ஓட்டை. சட்டத்தைக் குறிக்கும் 'லா', தாழ்வைக் குறிக்கும் 'லோ' ஆகியவையும் இப்படியே. கிண்ணத்தைக் குறிக்கும் சொல்லை நம்மவர்கள் 'பௌல்' என்பார்கள். அதுவும் நழுவும் 'ஓ'தான், 'போல்' என்பதே அருகில் வரும். கிரிக்கெட்டில் பந்து வீசுவதற்கும் அதே எழுத்துக்கூட்டல், அதே உச்சரிப்பு. 'பௌல்' என்று சொன்னால் குடலைக் குறிக்கும் சொல்லின் பக்கம் போய்விடுகிறது.

இனி எழுதப்பட்டும் ஒலிக்காத எழுத்துகள். 'ஆஷ்' என்பதன் இறுதியில் உள்ள 'இ' ஒலிக்காது. ஆகவே அது சாம்பலைக் குறிக்கும் சொல்லோடும், அந்தப் பெயருக்கு மூலமான மரத்தின் பெயரோடும் ஒலியில் முற்றிலும் ஒன்று. பாளையங்கோட்டையில் பணிசெய்த போதகர் ரேனியஸ் பெயரில் ஆர் எழுத்தை அடுத்து வரும் 'எச்' ஒலிக்காது. தாம்சன் என்ற பெயரைப் 'பி' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பானர்மன் பெயரில் இறுதி 'மேன்' அழுத்தமில்லாமல் 'மன்' என்று தேய்ந்துவிடும். போலீஸ்காரர் ஒருவரானாலும் பலரானாலும் ஆங்கிலத்தில் காதுக்கு 'போலீஸ்மன்' என்றே கேட்பது இந்தத் தேய்வால்தான்.

ஹெரனின் பதவிச் சொல்லுக்குத் தமிழே வழிகாட்டுகிறது. நாம் வழக்கமாக எழுதும் 'கர்னல்' என்பதே சரியான உச்சரிப்புக்கு மிக அருகில் இருக்கிறது. எழுத்துக்கூட்டலில் 'எல்' இருக்க ஒலியில் ரகரம் வருவதற்குக் காரணம், அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு இரண்டு வடிவங்களில் வந்து சேர்ந்ததுதான். இத்தாலிய வடிவத்தின் எழுத்து நிலைத்தது; ரகரம் ஏறிய பிரெஞ்சு வடிவத்தின் ஒலி நிலைத்தது. கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும் சொல்லும் இதே ஒலியுடையது. ஹெரன் என்பதோ நாரையின் ஆங்கிலப் பெயர். கூந்தன்குளத்துக்குச் சுற்றுலா போய் வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் மறக்காது.

பதில்: தேரிக்காட்டுத் தமிழன்

பொருநைக்கரை அண்ணாச்சியின் விளக்கம் மிகத் தெளிவு. அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இந்த இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். ஆங்கில மேடையில் ஆங்கில உச்சரிப்பைக் கற்றுக்கொண்ட பிள்ளை, வீட்டுக்கு வந்து தமிழில் பேசும்போதும் கால்டுவெல்லை 'கோல்ட்வெல்' ஆக்கிவிடக் கூடாது. அப்படித் திருத்துவது அறிவு என்று நினைக்கும் போக்கு இப்போது பெருகிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பெயர் ஒரு மொழிக்குள் வந்து, மக்கள் நாவில் தலைமுறைகளாகப் புழங்கி, கல்லறையிலும் பள்ளிப் பலகையிலும் பொறிக்கப்பட்டுவிட்டால், அந்த வடிவத்துக்குத் தனி உரிமை உண்டு.

அதற்குமேல், நம் கடற்கரையின் பல பெயர்கள் ஆங்கிலத்தின் வழியாக வந்தவையே அல்ல. 'சவேரியார்' என்பதை ஆங்கிலச் 'சேவியர்' என்பதன் சிதைவு என்று சிலர் நினைக்கிறார்கள். ஆங்கிலேயர் இங்கே கால்வைப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1542-இல், பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். போர்த்துக்கீசிய மொழியில் அவருடைய பெயரின் முதல் எழுத்துக்கு ஏறத்தாழ ஷகர ஒலி. அதிலிருந்து தமிழ்ச் சகரம் இயல்பாகப் பிறந்தது. அவர் இன்றைய ஸ்பெயினின் வடபகுதியில் இருந்த நவார் நாட்டவர். அவர் பிறந்த கோட்டையின் பெயரே அவர் பெயராயிற்று. அதற்குப் பாஸ்க் மொழியில் 'புதிய வீடு' என்று பொருள். 'அந்தோணி' என்பதும் இப்படித்தான்: போர்த்துக்கீசிய வடிவத்தின் பல்லொலித் தகரம் நம் 'தோ'வில் அப்படியே இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதே பெயர் 'ஆன்டனி' என்று டகரத்தோடு ஒலிக்கிறது. எது மூலத்துக்கு நெருக்கம் என்று கேட்டால், நம் மீனவ ஊர்களில் கூப்பிடுவதுதான் நெருக்கம்.

'சாராள்' என்பதற்கு வேறு வழி. அது தமிழ் வேதாகமத்தின் வடிவம். எபிரேய மூலத்தில் இருக்கும் நெடில் ஆகாரத்தைக் காத்துவைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இறுதி 'எச்' சேர்த்து எழுதப்படும் அந்தப் பெயர் 'சேரா' என்பதற்கு அருகில் ஒலிக்கும். ஆகவே உங்கள் மாணவி ஆங்கிலத்தில் 'சேரா டக்கர்' என்று சொல்லட்டும். தமிழில் கல்லூரியின் பெயரைச் 'சாராள் தக்கர்' என்று சொல்லட்டும். இரண்டும் அந்தந்த மொழியில் சரி. டக்கர் என்பது நெய்த துணியைத் தண்ணீரில் மிதித்துத் திண்மையாக்கும் தொழிலாளியைக் குறித்த பெயர். சாயர் என்பது மரம் அறுப்பவர். பானர்மன் என்பது கொடி தாங்குபவர். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் இப்படித் தொழிலே பெயராக நின்றவை ஏராளம் என்பதைப் பிள்ளைகள் அறிந்தால், அந்தப் பெயர்கள் வெறும் எழுத்துக்கூட்டமாகத் தோன்றாது.

சாயர்புரத்தைப் பற்றி: ஆங்கில எழுத்தில் நடுவே 'டபிள்யூ' இருப்பதைப் பார்த்துச் சிலர் 'சாவ்யர்' என்று வாசிக்கிறார்கள். அந்த 'டபிள்யூ' தனியாக ஒலிப்பதில்லை. முன்னிருக்கும் 'ஏ'யோடு சேர்ந்து, அண்ணாச்சி சொன்ன குவிந்த 'ஆ'வைத் தருகிறது. ஊர் மக்கள் சொல்லும் 'சாயர்' என்பதே ஆங்கில உச்சரிப்புக்கும் நெருங்கியது. ஜி. யு. போப் பணியாற்றிய ஊரின் பெயரை நாமே குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

பதில்: பாளை வழக்கறிஞர்

ஆசிரியை அவர்கள் குறிப்பிட்ட 'அங்கிள்' சிக்கலைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். நீதிமன்றத்தில் இதன் விளைவுகளை அடிக்கடி பார்க்கிறேன். தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தானாகவே அதிர்ந்து ஒலிக்கும். தங்கம், பந்து, கம்பு ஆகியவற்றைச் சொல்லிப் பார்த்தால் தெரியும். 'பக்கம்' என்பதில் வரும் ககரம் வேறு, 'தங்கம்' என்பதில் வரும் ககரம் வேறு. இந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகும்போது, கணுக்காலைக் குறிக்கும் சொல்லில் வரவேண்டிய 'பக்கம்' ககரம் 'தங்கம்' ககரமாக மாறி, கோணத்தைக் குறிக்கும் சொல் ஆகிவிடுகிறது. மாமாவைக் குறிக்கும் சொல்லிலும் 'பக்கம்' ககரம்தான் வரவேண்டும்; அதன் முதல் உயிர் மட்டும் நம் 'அ'வுக்கு நெருக்கம். மற்ற இரண்டின் முதல் உயிர் 'ஆஷ்' என்பதில் வரும் அந்தத் தாழ்ந்த ஒலி. ஆக, மூன்றையும் பிரிக்க இரண்டே இடங்களைக் கவனித்தால் போதும்.

இந்தக் ககரக் குழப்பம் எங்கள் தொழிலில் இன்னொரு இடத்திலும் வரும். வழக்கின் முடிவில் நீதிமன்றம் தரும் தீர்ப்பாணையும் பல்கலைக்கழகம் தரும் பட்டமும் தமிழ் எழுத்தில் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன: 'டிக்ரி', 'டிகிரி'. முன்னதில் அதிராத ககரம். பின்னதில் அதிரும் ககரம். இரண்டிலும் அழுத்தம் கடைசி அசையில் விழும். கட்சிக்காரர் ஒருவர் 'மகனுக்கு டிகிரி கிடைத்துவிட்டது' என்று சொன்னால், எந்தக் கிடைப்பு என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, உச்சரிப்பில் எந்த வேறுபாடும் இல்லாமல் பொருளிலும் எழுத்திலும் மட்டும் வேறுபடுபவை. இவற்றை நாவால் பிரிக்க முடியாது. பிள்ளைகள் பொருளை வைத்தே எழுத வேண்டும். மாமன்றத்தைக் குறிக்கும் 'கவுன்சில்' சி எழுத்தோடு வரும். ஆலோசனையையும், வழக்கில் ஆஜராகும் வழக்கறிஞரையும் குறிப்பது எஸ் எழுத்தோடு வரும். ஆகவே வார்டு கவுன்சிலரும் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்பவரும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்பார்கள். முன்தீர்ப்பை மேற்கோள் காட்டுவது, மனை, பார்வை ஆகிய மூன்றுக்கும் 'சைட்' என்ற ஒரே ஒலி. முதன்மை மாவட்ட நீதிமன்றத்தின் பெயர்ப்பலகையில் வரும் 'பிரின்சிபல்' ஏ, எல் என்று முடியும். கல்லூரி முதல்வர், கடனின் அசல், முகவருக்கு அதிகாரம் வழங்கியவர் ஆகிய எல்லாருக்கும் அதுவே. எல், இ என்று முடிவது கொள்கை அல்லது கோட்பாடு என்ற ஒரு பொருளுக்கு மட்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு சொல்லையும் குறிப்பிட்டுவிடுகிறேன். வழக்கையும் உடுப்பையும் குறிக்கும் 'சூட்' என்பதன் கடைசியில் ஓர் 'இ' சேர்த்தால், விடுதிகளில் கூடுதல் வசதியோடு சேர்ந்திருக்கும் அறைத் தொகுதி. அதைப் பலரும் 'சூட் ரூம்' என்கிறார்கள். சரியான உச்சரிப்பு 'ஸ்வீட்'. இருட்டுக்கடையில் வாங்கும் இனிப்பின் அதே ஒலி. ஓர் 'இ' எழுத்து வந்து முழு உயிரையும் மாற்றிவிடுகிறது.

பதில்: ரதவீதி மெய்ப்பாளர்

நான் நெல்லை டவுனில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். வக்கீல் ஐயா சொன்ன கடைசி வகைச் சொற்களால்தான் எங்களுக்கு நாள்தோறும் வேலை. கல்யாணப் பத்திரிகைகளின் கடைசியில் 'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ் ஃப்ரம்' என்று ஒரு வரி வைப்பது நம் பகுதி வழக்கம். அதில் 'ஐ' எழுத்து வரவேண்டிய இடத்தில் 'இ' எழுத்தைப் போட்டுக் கையெழுத்துப்படி கொடுப்பவர்கள் மிகப் பலர். 'ஐ' என்றால் வாழ்த்து, பாராட்டு. 'இ' என்றால் குறைவை நிரப்பி முழுமையாக்குவது. முழுமை என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலும் அதே இடத்தில் அதே 'இ' இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பிறகு தவறுவதில்லை.

'ஸ்டேஷனரி' என்பதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அசையாமல் நிற்பது என்ற பொருளில் ஏ, ஆர், ஒய் என்று முடியும். தாள், பேனா முதலியவற்றைக் குறிக்கும்போது இ, ஆர், ஒய் என்று முடியும். இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. முற்காலத்தில் ஐரோப்பாவில் சுமையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் விற்கும் வியாபாரிகளுக்கு நடுவே, ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரை 'ஸ்டேஷனர்' என்றார்கள். தேரோட்டத்துக்குக் கூடையோடு வந்து போகிறவருக்கும் ரதவீதியில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறவருக்கும் உள்ள வேறுபாடு அது. பேக்கர் விற்குமிடம் பேக்கரி ஆவதுபோல ஸ்டேஷனர் விற்கும் பொருள் ஸ்டேஷனரி. இரண்டிலும் 'இ, ஆர்' அப்படியே தொடர்கிறது. கடைப் பலகைகளில் இதைப் பிழையாகப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனெனில் ஒருமுறை வண்ணம் அடித்துவிட்டால் பல வருடங்களுக்குத் தெருவில் போகிற பிள்ளைகள் எல்லாரும் அதைப் படித்துத்தான் பழகுகிறார்கள்.

மீண்டும் கேள்வி: சேரன்மகாதேவி ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குவிந்த 'ஆ'வை வகுப்பில் கண்ணாடி வைத்துச் சொல்லச் செய்தேன். உதடு குவிவதைப் பிள்ளைகளே பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். 'ஹால்' இப்போது நன்றாக வருகிறது. இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. தாமஸ் என்பதைத் தகரத்தோடு சொல்வதா, டகரத்தோடு சொல்வதா? பரிசுக்கும் விலைக்கும் 'பிரைஸ்' என்று ஒன்றாகவே சொல்கிறார்களே, அதை எப்படிப் பிரிப்பது? ஆங்கிலத்தில் பேசும்போது நம் ஊர்ப்பெயர்களைப் பழைய ஆவணங்களில் உள்ளபடி 'டின்னவெல்லி', 'டூட்டிகோரின்' என்று சொல்லவேண்டுமா?

பதில்: பொருநைக்கரை

தாமஸ் என்பது ஆங்கிலத்தில் டகரத்தோடு, 'டாமஸ்' என்றே ஒலிக்கும். அந்த 'டா' குறுகிய, குவிந்த ஒலி. அதன் மூலமான அரமேயச் சொல்லுக்கு இரட்டையர் என்று பொருள். தாம்சன், தெரசா, லண்டனில் ஓடும் தேம்ஸ், தாய்லாந்து ஆகியவற்றிலும் 'எச்' எழுத்தளவில் மட்டுமே இருக்கிறது. நம்மவர்கள் இவற்றைத் தகரமாக வாசிப்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. நாம் தாமிரபரணியையும் தூத்துக்குடியையும் ஆங்கில எழுத்தில் எழுதும்போது தகரத்துக்கு 'டி, எச்' என்று இரண்டு எழுத்துகளைப் போடுகிறோம். டகரத்துக்குத் தனி 'டி'யைப் போடுகிறோம். சிறு வயது முதலே பேருந்துப் பலகையிலும் ரயில் நிலையத்திலும் இதைப் பார்த்துப் பழகிய கண், ஆங்கிலச் சொற்களிலும் அந்த இரண்டு எழுத்துகளைத் தகரம் என்றே எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதற்குரிய ஒலியோ நம் தகரமும் அன்று: நுனிநாக்கைப் பற்களுக்கு நடுவே மெல்ல நீட்டி, காற்றை அடைக்காமல் விட்டால் வருவது. நன்றி சொல்லும் சொல்லில் காற்றை அடைத்து டகரமாக்கினால் தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். மூன்று என்ற எண்ணும் மரம் ஆகிவிடும். தகரமாகச் சொன்னால் பொருள் மாறுவதில்லை, கேட்பவருக்குப் புரியும். ஆகவே அதைத் திருத்துவதில் அவசரம் வேண்டாம், டகரமாவதை மட்டும் முதலில் தடுத்துவிடுங்கள்.

பரிசும் விலையும் பிரிவது கடைசி மெய்யில். பரிசின் இறுதியில் வருவது தமிழில் இல்லாத ஒலி. அது சொல்லின் முதலில் வந்தால் நாம் ஜகரமாக்குகிறோம்: ஜீரோ, ஜிப், ஜெராக்ஸ். உங்கள் மாணவன் கேட்ட எக்ஸ் எழுத்துக்கும் விடை இங்கே இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் எக்ஸ் பெரும்பாலும் இந்த ஒலியைத்தான் பெறும், ஆகவே சேவியர் கல்லூரியும் ஜெராக்ஸ் கடையும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. சொல்லின் கடைசியில் வந்தாலோ அதை 'ஸ்' ஆக்கிவிடுகிறோம். பிள்ளைகள் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்று சொல்லிக்கொண்டே குரலைச் சேர்க்கட்டும். விரலுக்கு அதிர்வு தெரியும் நொடியில் அந்த ஒலி வந்துவிட்டது. அது உடனே கைவராத பிள்ளைக்கு இன்னொரு வழி: விலையில் உயிர் குறுகும், பரிசில் உயிர் நீளும். இறுதி மெய் அதிராததாக இருந்தால் முன்னிருக்கும் உயிரை வெட்டினாற்போலச் சொல்வதும், அதிர்வதாக இருந்தால் நீட்டிச் சொல்வதும் ஆங்கிலம் முழுவதும் உள்ள வழக்கம். அறிவுரை என்ற பெயர்ச்சொல்லும் அறிவுரை கூறு என்ற வினைச்சொல்லும், தளர்வு என்பதும் இழத்தல் என்பதும், அரிசியும் உயர்தலும் இதே முறையில் பிரிகின்றன. உயிரின் அளவை மட்டும் சரியாக வைத்தாலே கேட்பவர் பெரும்பாலும் சரியாகப் புரிந்துகொள்வார்.

ஊர்ப்பெயர்களைப் பொறுத்தவரை, தேரிக்காட்டுத் தம்பி பெயர்களுக்குச் சொன்னதையே மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, பாளையங்கோட்டை, குற்றாலம் ஆகியவற்றை ஆங்கிலப் பேச்சின் நடுவிலும் நாம் சொல்வதுபோலவே சொல்லட்டும். ளகரத்தையும் றகரத்தையும் விட்டுக்கொடுத்துத் தேய்த்துச் சொல்வதால் ஆங்கிலம் மெருகேறிவிடாது. பழைய வடிவங்கள் பழைய ஆவணத்தை அப்படியே வாசிக்கும்போது மட்டும் வரட்டும். கால்டுவெல் 1881-இல் எழுதிய மாவட்ட வரலாற்று நூலின் தலைப்பைச் சொல்லும்போது 'டின்னவெல்லி' என்றுதான் சொல்லவேண்டும், ஏனெனில் அவர் அப்படித்தான் எழுதினார். இன்னோர் இடத்திலும் அந்தப் பெயர் உயிரோடு இருக்கிறது: நம் பகுதிக் கரிசலில் விளைந்து கப்பலேறும் நிலாவாரை இலைக்கு மருந்தியல் நூல்களில் இன்றும் 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். பிள்ளைகளின் பேச்சில் ஏற்றுமதிப் பயிர்கள் பற்றிய பகுதி இருந்தால், அங்கே அதை மாற்றாமல் விட்டுவிடுங்கள்.